திமில் கட்டையைத் திருப்பும் விதம்

எனக்கு எதையும் தொப்பென்று போட வராது. சிவகாசிக்குப் பக்கம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் பேக்கிங்கில் இருக்கிறேன். அங்கே பெட்டியை இழுக்கக் கூடாது, எறியக் கூடாது, போடக் கூடாது. தூக்க வேண்டும், வைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த யாராவது பெட்டியைத் தரையில் ஒரு சாண் இழுத்துவிட்டால் போதும், போர்மேன் வெளி மரத்தடியிலிருந்தே குரல் கொடுப்பார்: "ஏம்மா, இழுக்காதீக! எம்புட்டுத் தடவ சொல்றது, தூக்கி வைங்க!" உரசினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரணம் தப்பினால் மரணம் என்று மற்ற ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள். எங்களுக்கு அது வேலை நேரத்துச் சட்டம்.

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. நான் தம்ளரை வைத்தால் சத்தம் வராது. பீரோவைச் சாத்தினால் சத்தம் வராது. என் வீட்டுக்காரர் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். அங்கே தாள் கட்டைத் தட்டித் தட்டித்தான் ஓரம் சேர்ப்பார்களாம். அதனால் அவர் தலையணையைக்கூடத் தட்டித்தான் போடுவார். "நீ அடுப்படியில இருக்கியா, வெளிய போயிட்டியான்னே தெரிய மாட்டேங்குது" என்று என்னைச் சொல்வார். எங்களுக்கு ஒரே மகள். அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அவள் கதவைச் சாத்தினால் எதிர் வீட்டு நாய் எழுந்து நிற்கும்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. போன புதிதில் சாயங்காலம் போன் போடுவேன். "சாப்பிட்டியா?" என்பேன். "ம்." "என்ன சாப்பிட்ட?" "சாப்பாடு." இதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது. பிறகு ஒரு நாள் அவளாகவே, "யம்மா, ஒன் போன்ல ஒரு ஆட்டம் ஏத்தி விடுறேன். ரெண்டு பேரும் ஆடுவோம்" என்றாள். கட்டை விழுகிற ஆட்டம். அதை ஆடும்போது மட்டும் அவளுக்கு வாய் திறக்கும். அறைத் தோழியின் குறட்டையிலிருந்து கேன்டீன் சாம்பார் வரைக்கும் எல்லாம் கட்டையோடு கட்டையாக வந்து விழும். அதற்காகத்தான் நான் ஆடினேன். விளையாட்டு வெறி என்று என் வீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஆட்டம் சுலபம்தான். மேலேயிருந்து ஒவ்வொரு கட்டையாக வரும். எல்லாம் நான்கு சதுரம் சேர்ந்த கட்டைகள். நீளமாக இருப்பது எனக்குக் கம்பி மத்தாப்புப் பெட்டி. சதுரமாக இருப்பது புஸ்வாணப் பெட்டி. மூன்று சதுரம் வரிசையாக, நடுவில் ஒன்று மட்டும் மேலே புடைத்துக்கொண்டு வருமே, அதற்குத் திமில் கட்டை என்று பேர் வைத்தேன். மகள் அதை 'டி' என்பாள். திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்கினால் நிறைந்த வரிசை அழிந்துபோகும். நாம் அழிக்கிற கணக்குக்கு எதிராளியின் பக்கம் அடியிலிருந்து குப்பை வரிசை ஏறும். யாருக்குக் குப்பை கூரையை முட்டுகிறதோ அவர் தோற்றார்.

அடுக்குவது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. தினமும் அதைத்தானே செய்கிறேன். ஆனாலும் தோற்றேன், தோற்றுக்கொண்டே இருந்தேன். இடம் பார்த்ததும் விரலைச் சடாரென்று கீழே இழுத்தால் கட்டை ஒரே அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மகள் அப்படித்தான் ஆடுவாள், தொப் தொப்பென்று. நானோ விரலை வைத்து மெதுவாக, கட்டம் கட்டமாக இறக்குவேன். அது வெறும் படம் என்று புத்திக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை.

"யம்மா, நீ ஒரு கட்டைய எறக்குறதுக்குள்ள நான் ஆபீஸ் போயிட்டு வந்துருவேன்" என்பாள்.

"பதறாத காரியம் சிதறாதுத்தா" என்பேன். அதற்குள் அவள் அனுப்பிய குப்பை என் கழுத்து வரைக்கும் ஏறியிருக்கும்.

அவள் என்மேல் இரக்கப்பட்டுச் சில நுணுக்கங்கள் சொன்னாள். சுவரை ஒட்டி நிற்கும் கட்டைக்குத் திரும்ப இடமில்லை என்றால், ஆட்டமே அதை ஒரு கட்டம் தள்ளி விட்டுத் திரும்ப வைக்கும். சாத்தூர் டவுன் பஸ்ஸில்கூட இந்த மரியாதை கிடையாது. இன்னொன்றுதான் பெரிய வித்தை. பள்ளம் ஒன்று இருக்கிறது, அதன் ஒரு பக்கத்துக்கு மேலே கூரைபோல ஒரு சதுரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். திமில் கட்டை படுத்தபடி அதற்குள் இறங்க முடியாது, கூரை தடுக்கும். ஆகவே கட்டையை நிற்க வைத்து, திமில் திறந்த பக்கம் பார்க்க இறக்க வேண்டும். கால் தரையைத் தொட்டதும் அது உடனே ஒட்டாது, கண் இமைக்கிற நேரம் காத்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு திருப்பு. கால் கூரைக்கு அடியில் நுழையும், திமில் பள்ளத்துக்குள் போய் உட்காரும், இரண்டு வரிசை சேர்ந்து அழியும். சும்மா இரண்டு வரிசை அழித்தால் எதிராளிக்குப் போவது ஒரு குப்பை வரிசைதான். இப்படித் திருகி நுழைத்து அழித்தால் நான்கு.

"இது ரொம்பக் கஷ்டம்மா. எனக்கே பத்துக்கு ஒண்ணுதான் விழும். தொப்புன்னு போட்டே பழகிருச்சுல்ல, அதுக்குள்ள ஒட்டிக்கிருது" என்றாள்.

கேட்டதும் எனக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது. கிப்ட் பாக்ஸில் கடைசிப் பெட்டி எப்போதும் அட்டையின் மடிப்புக்கு அடியில்தான் போக வேண்டியிருக்கும். நேராக வைத்தால் போகாது, அழுத்தவும் கூடாது. நிறுத்திப் பிடித்து, ஒரு முனையை அடியில் தொட வைத்து, தொட்டது கைக்குத் தெரிந்ததும் திருப்பினால் தானாகச் சாய்ந்து உள்ளே போகும். இத்தனை வருஷமாக நான் செய்வது அதுதான். என் விரல் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டது. அதன் பிறகு ஆட்டத்தில் நான் மற்ற எதையும் பார்க்கவில்லை. பள்ளமும் கூரையும் கட்டிவைத்துவிட்டுத் திமில் கட்டைக்காகக் காத்திருப்பேன்.

எங்கள் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தது. மகள் லீவு இல்லை என்றாள். கெஞ்சினேன், திட்டினேன், மாரியம்மனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். கடைசியில், "சரி, என்னைய ஜெயி. ஜெயிச்சா வாரேன்" என்றாள். பாவம், நான் தனியாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. நான்கு நான்காகக் குப்பை போனதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. ஆட்டம் முடிந்ததும், "யாரு ஆடுனது? அப்பாவா?" என்று கேட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வந்தாள். வந்தவளின் முகத்தைப் பார்க்க முடிந்ததா என்று கேளுங்கள். பொங்கல் பானை பொங்கும்போதும் அவள் போனில் தலையைக் கவிழ்த்திருந்தாள். "இன்னொரு ஆட்டம்மா." தோற்பாள். "இது கணக்கில்ல, கொசு கடிச்சிருச்சு." மறுபடியும் தோற்பாள். பொங்கல் முடிந்து அன்று சாயங்காலம் பஸ். பை கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தாள். "ஒன்னைய ஜெயிக்காமப் போக மாட்டேன்" என்று பையைப் பிரித்து, சுடிதாரை மறுபடியும் கொடியில் போட்டாள். எனக்கு உள்ளுக்குள் தேன் குடித்தது மாதிரி இருந்தது, மறைத்துக்கொண்டேன்.

மறுநாளும் போகவில்லை. என் வீட்டுக்காரர் மேசையைத் தட்டிக்கொண்டே, "நீ ஜெயிச்சுக்கிட்டே இரு. புள்ள இங்கனயே இருந்துக்கிரட்டும்" என்றார்.

"நீக சும்மா இருங்க" என்றேன். அவர் சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனாலும் அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கும் மறுநாள் மதியம் அவளுடைய மேலதிகாரி போன் செய்தார். மகள் கொல்லைப் பக்கம் போய்ப் பேசினாள். "காய்ச்சல் சார்" என்றாள். பிறகு வெகுநேரம் "ஓகே சார், ஓகே சார்" என்று மட்டும் சொன்னாள். உள்ளே வந்தவளிடம் என்னவென்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையில சீட்ல இல்லைன்னா வேற ஆளப் போட்டுக்கிருவாங்களாம். இன்னும் வேலை நிரந்தரம் ஆகலைல்ல."

"அப்பக் கெளம்பு."

"ஒன்னைய ஜெயிச்சுட்டுக் கெளம்புறேன்" என்றாள். பிறகு போனைப் பார்த்தபடியே, "அங்கன எல்லாரும் இங்கிலீசுல பேசிச் சிரிக்காங்கம்மா. நான் தனியாத்தான் சாப்பிடுறேன். அது போனாத்தான் என்ன, ஒன்கூட பேக்கிங்குக்கு வந்துக்கிறேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டம் ஒரு சாக்கு. அவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. நான் ஜெயித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அவளுக்கு இங்கேயே இருக்க ஒரு காரணம் கிடைத்துக்கொண்டிருக்கும். எனக்கும் அது பிடித்திருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பேக்கிங்குக்கு வருகிறேன் என்றாளே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். அவள் கை தொப்பென்று போடும் கை. அந்தக் கையைக் கம்பெனி வாசலுக்குள் விடக் கூடாது என்றுதான் அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வருகிறேன்.

"வா, கடைசி ஆட்டம். நீ தோத்தா இங்கனயே இரு. ஜெயிச்சா அடுத்த பஸ்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ஆட்டம் என்று வந்துவிட்டால் அவளுக்குத் தோற்கப் பிடிக்காது, நன்றாகவே ஆடினாள். எனக்குக் குப்பை ஏறிக்கொண்டே வந்தது. கை தன் வேலையைத் தானே பார்த்தது. எப்படியென்று தெரியாது, குப்பைக்கு மேலே அழகாக ஒரு பள்ளம், அதன்மேல் ஒரு கூரை. அடுத்து வந்தது திமில் கட்டை. நிறுத்தினேன். திமில் திறந்த பக்கம் பார்த்தது. மெதுவாக இறக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். எதிரே மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடியில் அவளுடைய சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது.

விரலைச் சடாரென்று கீழே இழுத்தேன். தொப்.

கட்டை நின்றபடியே ஒட்டிக்கொண்டது. கூரை அப்படியே இருந்தது. ஒரு வரிசைகூட அழியவில்லை. பிறகு வந்த கட்டைகளுக்கு இடமில்லை. அவள் போனிலிருந்து ஜெயித்த பாட்டு வந்தது. அவள் கத்தவுமில்லை, குதிக்கவுமில்லை. எழுந்து வந்து என் போனை வாங்கி, நட்டுக்குத்தலாக நிற்கும் திமில் கட்டையைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"கை தவறிருச்சு."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து சுடிதாரை எடுத்து மடித்தாள்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். டிரைவர் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார். "யம்மா, ஒனக்குக் கை தவறாதேம்மா" என்றாள். கண் நிறைந்திருந்தது.

"நேரத்துக்குச் சாப்பிடு. பேசுறாங்களோ இல்லையோ, போயி அவுக பக்கத்துல உக்காரு" என்றேன். அவளுடைய பையைத் தூக்கி, தலைக்கு மேலிருந்த கம்பித் தட்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு இறங்கினேன்.