விரலுக்கு நலம் விசாரித்தவர்கள்

அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த வருஷம், எங்கள் தெருவில் எல்லோரும் ஒரு மனிதரின் விரலைப் பற்றியே பேசினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தச்சநல்லூரில் எங்கள் வீடு. அக்கா பட்டப்படிப்பை முடித்திருந்தாள், தங்கை நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஹையர் தேறிவிட்டால் ஏதாவது ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைக்கும், அந்த வேலையைக் காட்டி நல்ல மாப்பிள்ளையாகப் பார்த்துவிடலாம் என்பது அப்பாவின் திட்டம். அக்காவின் திட்டத்தில் வேலை மட்டும்தான் இருந்தது.

டைப்பிங் சொல்லிக்கொடுக்கிற இடம் ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில். அதை நடத்தியவர் எங்களுக்கு உறவில்லை, ஆனால் எங்கள் சாதிக்காரர். அப்பாவுக்கு அதற்கு மேல் ஒரு நற்சான்றிதழ் தேவைப்படவில்லை. பெண்பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம் என்பார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பின்னால் நின்று, எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று விரலைப் பிடித்துக் காட்டுவது அவருடைய வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நினைத்தவர்கள் வெளியே சொன்னதில்லை.

ஹையர் எழுதப் போகிறவளுக்கு விரலைப் பிடித்துக் காட்ட என்ன இருக்கிறது? இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று பிறகு நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். ஒரு சாயங்காலம் அவர் அக்காவின் பின்னால் வந்து நின்றிருக்கிறார். வலது கையை வலப்பக்கத்து மெஷினின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டார். இடது கை அவள் தோளில் விழுந்து, அங்கிருந்து இறங்கியது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். அழுத்தி உட்கார வைத்தார். அவள் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன, வரி முடிந்து மணி அடித்தது. வரி முடிந்தால் லீவரைத் தள்ள வேண்டும், தாள் சுற்றிய உருளை அப்படியே வலது பக்கம் ஓடும். அக்கா உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். ஊன்றியிருந்த கையின் நடுவிரல் இரண்டு மெஷின்களுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா முதலில் கேட்டது இதைத்தான்.

"அவரு வெரலு ஒடிஞ்சுட்டாட்டீ?"

பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. ஏன் சாயங்கால வகுப்புக்குப் போனாய், ஏன் கடைசி மெஷினில் உட்கார்ந்தாய், ஏன் அவரிடம் சிரித்துப் பேசினாய். சுடிதார் போட்டிருந்தால் பேச்சு சுடிதாரோடு முடிந்திருக்கும். அவள் சேலை கட்டியிருந்தாள். சேலையைக் குறை சொல்ல முடியாமல், தோளில் ஊக்குக் குத்தாததை அம்மா குறை சொன்னாள். குத்தியிருந்தேன் என்று அக்கா சேலையைக் கொண்டுவந்து காட்டினாள். அப்படியென்றால் ஊக்கு சின்னது என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கையில் கிடைத்ததைப் போட்டு உடைக்க வேண்டும் போலவும் இருந்தது.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"ஏளா, அவரு எம்புட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்திருக்காரு. ஒருத்தியும் ஒண்ணும் சொல்லலையே. நீ என்ன செஞ்ச?"

"நானா? லீவரத் தள்ளினேன்" என்றாள் அக்கா. அந்த இடத்துக்கு இனிமேல் போவதில்லை என்றும் சொன்னாள்.

எதிர்வீட்டு மதினிக்குச் செய்தி எப்படிப் போனதோ, மறுநாளே வந்துவிட்டாள். "ஒரு வெள்ளிக்கெழம பிள்ளையத் திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போயி கடல்ல ஒரு முழுக்குப் போட்டு வாங்க. அதுக்கு நேரம் சரியில்ல" என்றாள். அவரைக் குளித்துவிட்டு வரும்படி யாரும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கத்தான் போனார்கள். எங்கள் பக்கம் ஒருவர் கையில் கட்டுப் போட்டால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்காமல் இருப்பது பெரிய மரியாதைக் குறைவு. தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்வந்தார்கள். நாம் போகாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் எங்கள் வீட்டிலும் ஹார்லிக்ஸ் வாங்கினார்கள். அக்கா வர மறுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்.

அவர் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு ஈஸிச்சேரில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கடை அளவுக்குப் பாட்டில்கள் இருந்தன. "இவுக எல்லாப் பிள்ளையளையும் மக மாதிரில்லா பாக்காக" என்று அம்மாவிடம் சொன்னாள். என் முகத்தை மட்டும் அவள் பார்க்கவே இல்லை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "பிள்ள தெரியாமச் செஞ்சிட்டா அண்ணாச்சி" என்றார்.

"மெஷினுன்னா வெரலு மாட்டத்தான செய்யும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடல. அவளப் பைய வரச் சொல்லுங்க" என்றவர் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். "இவளையும் அனுப்புங்க. சேத்துப் பாத்துக்கிடுதேன்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் அப்பா அவருடைய பெருந்தன்மையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டார்கள். பெரியவள் போக மாட்டேன் என்கிறாள், போகாமல் நின்றால் ஏதோ நடந்துவிட்டது என்று ஊரே பேசும். சின்னவள் போகட்டும். ஒன்றும் நடக்கவில்லை என்பது நாலு பேருக்குத் தெரியட்டும். "திங்கக்கெழமையே சேத்துவிட்டுருதேன்" என்றார் அப்பா. நான் அழுதேன், கத்தினேன், மாட்டவே மாட்டேன் என்றேன். எனக்கும் வாய் நீண்டுவிட்டது என்று அம்மா அதற்கும் அக்காவைத்தான் திட்டினாள்.

திங்கள்கிழமை நான் எழுந்து வந்தபோது அக்கா குளித்து, சேலை கட்டி, தோளில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன். பரீட்ச வரைக்கும் போறேன். இவள அங்கன அனுப்பப்படாது" என்றாள்.

அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

பரீட்சை வரைக்கும் நான் அவளுடனே போனேன். அவள் மாடிக்கு ஏறிவிடுவாள், நான் கீழே தெருவில் நடப்பேன். நின்றால் எவனாவது என்னவென்று கேட்பான், அதனால் நடந்துகொண்டே இருப்பேன். பூக்கடை வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். மாடியிலிருந்து எல்லா மெஷின்களின் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். அதில் அக்காவின் மெஷின் எது என்று பிரித்துக் கேட்கப் பார்ப்பேன், முடியாது. சத்தம் கொஞ்சம் குறைந்தால் என் கால் தானாக மாடிப்படிப் பக்கம் ஓடும். மேலே போவதற்குள் மறுபடி மணி அடிக்கும். வாசலுக்குப் பக்கத்து மெஷினில்தான் உட்காருகிறேன், அவர் கிட்டே வருவதில்லை என்று அக்கா சொன்னாள். நான் நம்பினேனா என்பது வேறு. இறங்கி வரும்போதெல்லாம் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு வேகமாக நடப்பாள். அவளைப் போகச் சொன்ன எல்லோர் மேலும் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை.

அக்கா தேறினாள். தற்காலிகமாக ஒரு ஆபீஸில் வேலையும் கிடைத்தது. அடுத்த வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஏதோ வெரலு சமாச்சாரம்னு சொன்னாவ" என்று இழுத்தாள். அக்காவும் நானும் உள்ளறையில் இருந்தோம். நான் அவளுக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பெருமையாகவே சொன்னாள்.

"அதெல்லாம் ஊர்ல சும்மா கட்டிவிட்டது. அப்படி ஏதும் நடந்திருந்தா, எம்பிள்ள மறுபடி அங்கன போயிருப்பாளா? பரீட்ச முடியுத வரைக்கும் அவருகிட்டதான போனா."

வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"கேட்டியாட்டீ? நீ போகப்படாதுன்னு நான் போனேன். அது அந்தாளுக்குச் சாட்சியாப் போச்சு" என்றாள்.

வெளியே அம்மா அவளைக் கூப்பிட்டாள்.