ஆறாவது டம்ளர்

நேற்று வீட்டில் கெட்டிலில் படிந்த உப்பை எடுக்க வினிகர் ஊற்றிக் கொதிக்க வைத்தார்கள். வாடை கூடத்துக்கு வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "வினிகருக்கெல்லாமா பயம்?" என்று மனைவி கேலி செய்தாள். பயம் வினிகர்மேல் இல்லை. சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பி உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருமுடிவாக்கத்தில் அச்சு செய்யும் ஒரு டை பட்டறையில் வேலை பார்த்தேன். பகலெல்லாம் இரும்பு அச்சுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் அச்சில் அழுத்தி எடுத்த பழைய கண்ணாடிச் சாமான்களைத் தேடித் தாம்பரத்துக் காயலான் கடைகளில் திரிவேன். அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழும். மற்றவர்கள் பூவேலையைப் பார்ப்பார்கள். நான் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டு நிற்பேன். கிறுக்குதான்.

மேற்குத் தாம்பரத்தில் கடை வைத்திருந்த காதர் பாயிடம்தான் ஒரே மாதிரி ஐந்து கண்ணாடி டம்ளர்கள் கிடைத்தன. வெளிறிய பச்சை. அடியில் ஒரு நட்சத்திரம், அதில் ஒரு கதிர் மட்டும் மொண்ணை. அச்சிலேயே இருந்த பழுது, அதனால் ஐந்திலும் அப்படியே விழுந்திருந்தது. ஆறு இருந்தால்தானே செட்? ஏழெட்டு மாதம் பாயை நச்சரித்தேன். ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, ஆறாவது வந்துகீது. அதே வூடுதான். பெயின்ட் அடிக்கசொல்லோ ஒழிச்சுப் போட்டுக்கீறாங்க."

உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. உப்புத் தண்ணீர் வற்றி வற்றிப் படிந்த கறை. கண்ணாடி சேர்க்கிறவன் கை சும்மா இருக்குமா? வினிகரில் ஊறப்போட்டு, பச்சரிசி போட்டுக் குலுக்கி, மூன்று நாளில் பளிச்சென்று ஆக்கி, மற்ற ஐந்தோடு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து நேராக, கையில் பைபிளோடு ஓர் அம்மா வந்தார். சேலையூரில் இருக்கும் டெய்சி டீச்சர், ரிட்டயரானவர். பாய்தான் என் வீட்டைக் காட்டியிருக்கிறார்.

"தெரியாம என் மகன் போட்டுட்டான் தம்பி. மத்த அஞ்சும் நீங்களே வச்சுக்குங்க. கடைசியா வந்தது மட்டும் வேணும். எங்க வீட்டுக்காரரோடது."

பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவரின் முகம் சுண்டிப்போனது.

"கழுவிட்டீங்களா?"

கணவர் போன நாளிலிருந்து படத்துக்கு முன்னால் அதில்தான் தண்ணீர் வைக்கிறாராம். விடிந்தால் இரண்டு விரற்கடை குறைந்திருக்குமாம். "பாஸ்டருக்குத் தெரிஞ்சா திட்டுவார். ஆனா அந்தக் கோடெல்லாம் அவர் வந்து குடிச்ச அடையாளம் தம்பி." பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

மனசு கேட்காமல் இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் டம்ளர் நிறைய நிறையத் தண்ணீர்.

"குறையவே இல்ல."

"மழைக்காலம் டீச்சர், காத்துல ஈரம்..."

"போன மழைக்குக் குறைஞ்சுதே." பொய் சொல்லும் பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட இருக்கற அஞ்சையும் ஒருதடவை பாருங்களேன்" என்றார்.

சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். அந்த ஐந்தில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. அலமாரியைத் திறந்தேன். மூன்றாவது டம்ளரில், விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே, புத்தம்புதிதாக ஒரு வெள்ளை வளையம். தொடப்போன விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

அதைத் துணியில் சுற்றி அப்போதே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வளையத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வழி தவறிட்டார், பாவம்" என்றார். "இனிமே தண்ணி குறைஞ்சா காலையில ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். எடுத்துடாதீங்க."

மறுநாள் காலை ஆறரைக்கு போன் இரண்டு முறை மணியடித்து நின்றது. அதன்பிறகு தினமும். முதல் சில வாரம் மயிர்க்கூச்செறியும். போகப்போக அது வராமல் எனக்குக் காபி இறங்காது என்றாகிவிட்டது. இரண்டு வருடம் இப்படியே போனது.

ஒருநாள் மணி நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். ஓர் ஆண் குரல்.

"அம்மா போன்லேர்ந்து தினமும் உங்க நம்பருக்குத்தான் கால் போயிருக்கு. நீங்க யாரு சார்?"

டீச்சரின் மகன். அம்மா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். நான் யார் என்று என்ன சொல்ல? "டம்ளர் வாங்கினவன்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்குத் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

டீச்சர் வீடு இப்போது லிஃப்ட் வைத்த அடுக்குமாடி. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மிஸ்டு கால் கொடுப்பவர்களும் இல்லை. மிச்சமிருக்கும் நான்கு டம்ளர்களும் என் அலமாரியில் பூட்டியே இருக்கின்றன. முன்பெல்லாம் கோடு ஏதும் விழுந்திருக்குமோ என்று பயந்துகொண்டே திறப்பேன். இப்போது விழுந்திருக்காதா என்று திறக்கிறேன். நான்கும் சுத்தமாகக் காய்ந்து கிடக்கின்றன.