எல்லைக்கல்லுக்கு வானம் பார்த்தவள்

நிதியா போட்டினாவுக்கு வயது நாற்பத்து நான்கு. எங்கள் நரிஞ்ஞோ மலைகளில் இருபது வருடமாக நிலம் அளக்கிறாள். அவளை என் வாசலுக்கு அனுப்பிய மாதாவுக்குக் கோடி நன்றி.

முன்பு அளக்க வந்தவர், பாறையடி எல்லைக்கல்லின் மேல் ஜிபிஎஸ் கருவியைப் பத்தே நிமிடம் வைத்துவிட்டுப் போனார். அவர் போட்ட வரைபடத்தில் என் ஊற்று பக்கத்துத் தோட்டக்காரர் செகுந்தோவின் நிலத்துக்குள் போய்விட்டது! ஊற்று இல்லையென்றால் காப்பிப் பழம் கழுவ வழியில்லை. விதவையான எனக்கு வேறு பிழைப்பும் இல்லை. நில அலுவலகத்தில் அழுது மன்றாடி மறு அளவை கேட்டேன். நிதியா வந்தாள்.

முதல் நாள் அவள் பெட்டியையே திறக்கவில்லை. கல்லருகே நின்று, எந்தத் திசையில் மலை எவ்வளவு வானத்தை மறைக்கிறது என்று வரைந்துகொண்டிருந்தாள்.

"என்ன எஞ்சினியரம்மா, படம் வரையவா வந்தீங்க?" என்று செகுந்தோ சீண்டினார்.

"ஆமாண்ணே. மேக்கால இருக்குற பாறை பாதி வானத்த முழுங்கிடுது. சாட்டிலைட்டுங்க ஒரே பக்கமா கூடி நின்னா கணக்கு தப்பும். பரவி நிக்கிற நேரம் பாக்கணும்."

அந்த நேரம் காலை பத்தேகால் முதல் பதினொன்றேமுக்கால் வரை. ஒப்பிட்டுப் பார்க்க மாதா கோயில் முன்னாலுள்ள அரசாங்கக் கல்லில் ஒரு கருவி, எங்கள் கல்லில் இன்னொன்று. இரண்டு நாள் அளவும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து என்றாள்.

முதல் அளவு நன்றாக முடிந்தது. மறுநாள் தூறல். அவள் கோயில் பக்கம் போயிருந்தாள். விலையுயர்ந்த பொருள் நனைகிறதே என்று பதறி, கருவிக்கு மேல் ஒரு தகரத்தைக் கூரையாக நிறுத்திவிட்டேன்.

திரும்பி வந்தவள் தலையில் கைவைத்தாள். "அக்கா, வானத்தையே மூடிட்டீங்களே! அது மழைய தாங்கும், தகரத்த தாங்காது."

என்னால் அன்றைய அளவு வீண்; இனி மறுநாள்தான் மீண்டும் அளக்க முடியும். அதே நாளில்தான் பாஸ்தோ நகரில் அவள் மகளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள்; எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு அதுதான் பெரிய விழா. காலையில் பூசை, இரவு விருந்து.

"முத நாள் அளந்ததே போதும், கிளம்பு தாயி" என்றேன்.

"ஒத்த அளவ நம்பித்தானே உங்க ஊத்து போச்சு? சோளம் அவிச்சுத் தாங்க, பசிக்குது."

பிறகு போனில் மகளிடம், "பூசைக்கு அப்பாகூட போ, கண்ணு. விருந்துக்கு ஓடி வந்துடறேன்" என்றாள். குரல் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. பெற்ற வயிறு அல்லவா!

அடுத்த நாள் மீண்டும் அளந்தாள். கணினியில் இரண்டு அளவுக்கும் ஒரு விரல் அகலமே வித்தியாசம். ஊற்று என் எல்லைக்குள், ஒன்றரை மீட்டர் உள்ளே!

செகுந்தோ தொப்பியைக் கழற்றினார். "ரெண்டு தடவையும் அதே இடம். இனி நான் என்ன பேச? என் ஜீப்புல ஏறுங்கம்மா, பொண்ணு காத்திருக்கும்."

நிதியாவை இறுகக் கட்டிக்கொண்டு அழுதேன். ஜீப் வளைவில் மறைந்ததும் ஊற்றுக்குப் போய், அன்று பறித்த பழம் முழுவதையும் கழுவி முடித்தேன்.