‘அவர்’ கூப்பிடுகிறார்

நைட்டி வியாபாரத்தில் துணி பாதி, வாய் பாதி. பாண்டி பஜார் நடைபாதையில் அடிபட்டுக் கற்ற பாடம் இது. அந்த வாயையே ஒரு வசூல் ஏஜென்சி கொஞ்ச நாள் அடைத்து வைத்திருந்தது. தெரியாத நம்பரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மஞ்சள் நைட்டி

என் வீட்டுக்காரர் ஆட்டோ வாங்கக் கடன் எடுத்தார். பாதி கட்டியிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். கடன் கொடுத்த கம்பெனி ஆட்டோவை எடுத்துக்கொண்டது. எங்கேயும் கையெழுத்துப் போடாத என்னிடம் மிச்சத்தைக் கேட்டு ஏஜென்சி போன் செய்தது. “ஆளே போயிட்டாருடா!” என்று கத்துவேன். மறுநாள் வேறு குரல், ஒன்றுமே தெரியாததுபோல முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு மத்தியானம் ஓர் அம்மாவிடம் பேரம் படிந்துவரும் நேரத்தில் போன். “அந்த மஞ்சள் நைட்டியைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க, வாங்கிடுவாங்க. அந்தக் காசை எங்களுக்குக் கட்டுங்க” என்றது குரல். திரும்பிப் பார்த்தேன். தெரு முழுக்கக் காதில் போன் வைத்த முகங்கள். யாரைப் பிடித்து அறைவது? அந்த அம்மா நைட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

“உனக்கு வேர்த்துக் கொட்டுதும்மா. நான் அப்புறமா வர்றேன்.”

திரையில் வந்த பேர்

என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. போனிலும் ‘அவர்’ என்றுதான் பதிந்திருந்தேன், அவர் போன பிறகும் அழிக்க மனசு வரவில்லை. ஒருநாள் போன் அடித்தது. திரையில் ‘அவர்’. அவருடைய போனோ அணைந்துபோய் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

எடுத்தேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. என் வாயில் வந்த வார்த்தை, “எங்க இருக்கீங்க?” அப்புறம்தான் வேறு ஆள் குரல்: “எப்பம்மா கட்டுவ?” அன்று தொடங்கி தினமும் ‘அவர்’ கூப்பிட்டார். வேறு யாரோ என்று தெரிந்தும் எடுக்காமலிருக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வளையல் விற்கும் பாய்தான் அதட்டினார்.

“பேய் கீயின்னு பயந்துகினு கீறியா? பேய்க்கு இன்னாத்துக்குக்கா மாசத் தவணை? போய் கேஸ் போடு!”

கடைசி விலை

மயிலாப்பூர் வக்கீல் மாமி என் பழைய வாடிக்கை. “எந்த நம்பரை வேணா திரையில காட்ற வித்தையெல்லாம் வெச்சிண்டிருக்காடி. உங்காத்துக்காரர் நம்பர் கடன் பாரத்துலேயே இருக்குமே” என்றார். ஏஜென்சிக்கு அனுப்பும் நோட்டீஸில் என் வீட்டுக்காரர் இறந்த சங்கதியை முதல் வரியாக எழுதினார். அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். கடைசி விலையை எடுத்த எடுப்பில் சொல்கிறவள் வியாபாரியா? ‘கையெழுத்துப் போடாத என்னை ஏன் தொல்லை செய்கிறீர்கள்’ என்று மட்டும் கேட்போம், அவன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்றேன். மாமி பேனாவை மூடினார்.

“என் ஃபீஸையே நீ பேரம் பேசினப்போ நான் உஷாராயிருக்கணும்டி.”

சமரச மையம்

கேஸ் கோர்ட்டின் சமரச மையத்துக்குப் போனது. ஏஜென்சி மேனேஜர் மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். “இந்தம்மாவை நாங்க கூப்பிட்டதே இல்ல. கடன் வாங்கினவர்கிட்ட மட்டும்தான் பேசுறோம்” என்றார். கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று மாமி கேட்டார். மேனேஜர் போனில் இருந்த அழைப்புக் குறிப்புகளைத் தடவிப் பார்த்தார். “போன வாரம்கூட அவரே எடுத்தாரு. வெள்ளிக்கிழமை கட்டறேன்னு சொல்லியிருக்காரு.”

போன் போடுகிறவர்கள் ஒவ்வொரு போனுக்கும் பொய்யாகவாவது ஒரு வாக்குறுதியை எழுதிவைத்தால்தான் அங்கே சம்பளமாம், அது பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் வீட்டு அலமாரியில் கிடக்கும் போன்தான் என் கண்ணில் வந்தது. மாமி மரணச் சான்றிதழை மேஜையில் வைத்தார். மேனேஜர் அதைப் படித்தார், போனைப் பார்த்தார், மறுபடி படித்தார். இனி எந்த நம்பரிலிருந்தும் கூப்பிடமாட்டோம், நஷ்டஈடு தருகிறோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நஷ்டஈட்டில் நான் ஒரு பைசா குறைக்கவில்லை.

நன்றாக நாலு வார்த்தை திட்டத்தான் எழுந்தேன். வாயில் வந்தது வேறு: “என்னைப் பத்தி எதாவது கேட்டாரா?” மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“குரல் கம்மலா இருந்துச்சுன்னு போட்டிருக்கு மேடம். அவ்ளோதான்.”

உயிரோடு இருந்தவரை சொன்ன தேதியில் ஒரு தவணைகூடக் கட்டாத மனுஷன், போன பிறகு வெள்ளிக்கிழமை கட்டிவிடுவார் என்று நம்பியது இந்த உலகத்தில் அந்த ஒரு ஏஜென்சிதான்.