உள்ளே விடப்படாதவர்களின் பெயர்

குமாரபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வி, குழந்தைகள் இல்லங்களைப் பார்வையிடும் மாவட்டக் குழுவில் உறுப்பினரானபோது, ஜாக்கெட் தைக்க வந்த பெண்களெல்லாம் அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டதாக நினைத்தார்கள். அது வேலையல்ல. அரசுப் பணியில் இல்லாத ஒருவரும் குழுவில் வேண்டுமென்று அவளைச் சேர்த்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் போய் நிற்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். கண்டதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

சட்ட விதிகளை அவளாகவே படித்துக்கொண்டாள். ஆனால் பார்க்கும் முறை தையலிலிருந்து வந்தது. மற்றவர்கள் அலுவலக அறையில் பதிவேடுகளைப் புரட்டும்போது, அவள் பிள்ளைகள் தூங்கும் கூடத்துக்குப் போய்த் தகரப் பெட்டிகளைத் திறக்கச் சொல்வாள். எந்தத் துணி நன்கொடையாக வந்தது, எது வீட்டிலிருந்து வந்தது என்பதைத் துணியே அவளுக்குச் சொல்லிவிடும்.

அவளுக்குச் சிரமமாக இருந்தது ஒன்றுதான். கிளம்பும்போது ஏதாவது ஒரு பிள்ளை, "மறுபடி எப்பங்க வருவீங்க?" என்று கேட்கும். முன்கூட்டித் தெரிந்துவிட்டால் பார்வைக்கே அர்த்தமில்லை என்பதால் பதில் சொல்லக் கூடாது. தலையைத் தடவிவிட்டுப் பஸ் ஏறுவாள். பஸ்ஸில் அந்த முகம் கூடவே வரும்.

சேந்தமங்கலம் பக்கத்துச் சிறுமியர் இல்லத்துக்கு அவர்கள் போனது ஒரு தை மாதக் காலை. கண்காணிப்பாளர் வினோலியாவின் மேசையில் ஒரு பட்டியல் இருந்தது. ஓராண்டுக்கு மேல் யாரும் வந்து பார்க்காத பிள்ளைகள். அதில் ஒரு பெயர் இனியா, வயது ஒன்பது.

"அம்மா இல்லாத புள்ள. அப்பா பேரு மாரி, ரிக் வண்டியோட ஊர் ஊரா போர் கெணறு போடப் போனவரு, ரெண்டு வருசமா எட்டிக்கூடப் பாக்கல. போனும் போக மாட்டேங்குது. வேற நல்ல குடும்பத்துக்குத் தத்துக் குடுக்கலாம்னு மேல எழுதப்போறோம்" என்றார் வினோலியா. அவர் பிள்ளைக்கு நல்லதை நினைத்துத்தான் சொன்னார்.

இனியாவின் பெட்டியில் மூன்று கவுன்கள் கசங்காமல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நன்கொடைத் துணி ஒரே மாதிரியில் இருபது முப்பதாக வரும். இவை மூன்றும் மூன்று விதம். மூன்றுமே ஏழு வயதுப் பிள்ளைக்கான அளவு.

"இது உன்னுதா கண்ணு?"

"என்னுதுதானுங்க."

"போட்டுப் பாத்தியா?"

"கையே ஏறலீங்க."

அடுத்த பாயில் இருந்தவள், "பத்தாதுன்னாலும் யாருக்கும் குடுக்க மாட்டாளுங்க. பெரிய மகாராணி" என்றாள்.

"நீ சும்மா இருடி" என்ற இனியா, மெதுவாகச் சொன்னாள்: "அப்பா வாங்கினதுங்க. வாட்ச்மேன் தாத்தாகிட்டக் குடுத்துட்டுப் போனாருங்க."

அறிவுச்செல்வி நேராக வாசலுக்குப் போனாள். காவலாளி நாச்சிமுத்து எதையும் மறைக்கவில்லை.

"மூணு தடவ வந்தாருங்க. மழைக்கு வேலை நின்னு ரிக் வண்டி திருச்செங்கோடு திரும்பும்போது வருவாரு. எல்லாம் செவ்வா, வெசாழன்னு. பாக்கற நாளு ரெண்டாவது ஞாயித்துக்கெழமைதானுங்களே. அதான் உள்ள உடல."

"நோட்டுல எழுதலீங்களா?"

"உள்ள வந்தவங்களத்தானுங்க எழுதறது."

அவளுக்குக் கோபப்படத் தோன்றவில்லை. "துணியக் குடுத்துட்டு உடனே போயிட்டாரா?" என்றாள்.

"இல்லீங்க. பள்ளிக்கூடம் உடற வரைக்கும் எதுத்தாப்புல டீக்கடையில நின்னாரு. புள்ளைங்க வரிசையா வந்துச்சுங்க. எல்லாம் ஒரே யூனிபார்ம். எது தன்னோட புள்ளைன்னே தெரியலைன்னு சொல்லிட்டுப் போனாருங்க."

அன்று அவள் எழுதிய அறிக்கை மூன்று பக்கம். கவுன்களின் அளவை அங்குலக் கணக்கில் குறித்தாள். காவலாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதினாள். விசாரிக்காமல் இந்தப் பெயரை மேலே அனுப்பக் கூடாது என்றும், வாசலோடு திரும்பியவர்களின் பெயரையும் இனிப் பதிய வேண்டும் என்றும் முடித்தாள்.

அதற்கப்புறம் அவள் கையில் எதுவும் இல்லை. விசாரணையில் அவளுக்கு இடம் கிடையாது. யாரிடமும் கேட்டுத் திரியவும் கூடாது. கடையில் சிறுபிள்ளைத் துணி வெட்டும்போதெல்லாம் கத்திரி ஒரு நொடி நின்றது.

சித்திரையில் மறுபடி போனபோதுதான் கோப்பில் பார்த்தாள். திருச்செங்கோட்டு ரிக் ஆபீஸ் வழியாக மாரியைப் பிடித்திருந்தார்கள். அவர் வந்து, பிள்ளையை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இனியாவின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியிருந்தது. எந்தக் கிழமையில் வந்தாலும் மகளைப் பார்க்கலாம். வியாழக்கிழமை தோறும் போனில் பேசலாம். இப்போது வண்டி ஒடிசாவில் நின்றது, மழை வந்தால்தான் திரும்பும்.

அன்றைக்கு வியாழக்கிழமை. அவள் கோப்பை மூடுவதற்குள் மேசைப் போன் அடித்தது. ஓடி வந்த இனியா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"நல்லாருக்கறனுங்கப்பா... அந்தக் கவுனெல்லாம் பத்தலீங்கப்பா. நான் வளந்துட்டேன்... கொஞ்சமில்லீங்க, பெருசா. நீங்க வந்து பாருங்க."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததென்று கேட்க அறிவுச்செல்விக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பதிவேடுகளோடு வந்த வினோலியாவை வராந்தாவிலேயே நிறுத்தினாள்.

"அவசரமில்லீங்க. புள்ள பேசி முடிக்கட்டும்."