காய்ந்த சணல் இலை

வளைகுடாவில், முவைலா லேபர் கேம்பில் ஹரேன் நார்ஜாரியை எல்லோரும் நேபாளி என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்துவிடுகிற கூட்டம் அது. தான் அஸ்ஸாமில் கொக்ராஜார் பக்கம், போடோ ஆள் என்று ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தான். "போடோவா? அது எந்த நாடு?" என்று கேட்டார்கள். அதோடு சொல்வதை விட்டுவிட்டு, நேபாளி என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

டைல்ஸ் ஒட்டும் வேலை. சைட்டில் இந்தி பேசுவான். ரூமில் இருந்தவர்கள் சிவகங்கைப் பக்கத்து ஆட்கள், அவர்களோடு இருந்து இருந்து தமிழும் தட்டுத்தடுமாறி வந்துவிட்டது. அவனுடைய சொந்த மொழியைப் பேசத்தான் அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. அதற்கென்று இருந்தது ஒரே ஆள், அதுவும் போனில். அவன் மனைவி மைனாவ்.

மைனாவ் ஊரில் போடோ மொழிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளை இல்லை. போனை எடுத்ததும் "உங்காம் ஜாபாய்?" என்பாள். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். வயிறு காய்ந்து கிடந்தாலும் இவன் "ஜாபாய்" என்பான், சாப்பிட்டேன் என்று. லீவு நாளில் போடோ பத்திரிகையில் வரும் தொடர்கதையை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். கதையில் வரும் மாமியாருக்கு ஒரு குரல், போலீஸ்காரனுக்கு ஒரு குரல். இவன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பான்.

ஒருமுறை அவள் அனுப்பிய பக்கத்தைப் போனில் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில் சோலைமுத்து, "இது இந்திதானப்பா?" என்றான். எழுத்துதான் இந்தி எழுத்து, மொழி வேறு என்று விளக்குவதற்கு ஹரேனுக்குத் தமிழ் போதவில்லை. "ஆமா, இந்தி" என்று சொல்லிவிட்டான். மைனாவுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். மயக்கம் தெளியவே இல்லையாம். இவன் ஃப்ளைட் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அண்ணன் போனில் சொன்னார். சரி என்று அடுத்த நாள் டூட்டிக்குப் போனான். இப்படியும் ஒரு மனுஷனா என்று கேம்பில் பேசினார்கள். பேசட்டும். உட்கார்ந்து அழுதால் அவள் செத்தது நிஜமாகிவிடும் என்று அவன் பயந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்?

அண்ணன் மறுபடி கூப்பிட்டார்.

"நாங்கள் எல்லோரும் நார்ஜி கடித்துத் துப்பிவிட்டோம். நீதான் பாக்கி."

நார்ஜி என்றால் காய்ந்த சணல் இலை. கசக்கும். சாவு வீட்டில் அதைப் பல்லில் கடித்துத் துப்ப வேண்டும். அந்தத் துப்பலோடு செத்தவருக்கும் இருப்பவருக்கும் உறவு அறுந்தது என்பது போடோக்களின் வழக்கம். ஹரேனின் குலப்பெயரே அந்த இலையிலிருந்து வந்ததுதான். சாவு வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்த குலம் என்று வீட்டில் சொல்வார்கள்.

"இந்தப் பாலைவனத்தில் சணலுக்கு நான் எங்கே போவேன்?" என்றான் ஹரேன்.

"எங்கேயாவது தேடு. நீ விடாவிட்டால் அவள் நடுவழியில் நிற்பாள். கட்டினவன் நீயே அவளைத் தவிக்க விடாதே."

"கிடைத்தால் செய்கிறேன்."

அது பச்சைப் பொய். கேம்புக்கு எதிரே கௌஸ் முகைதீன் கடையில் அந்த இலை கிடைத்தது. மிஸ்ரிக்காரர்கள், அதாவது எகிப்து ஆட்கள், அதை முலூக்கியா என்று பாக்கெட்டில் வாங்கிப்போய்க் கறியோடு சமைப்பார்கள். வந்த புதிதில் ஹரேன் அதை முகர்ந்து பார்த்து, நம்ம ஊர் நார்ஜி என்று துள்ளிக் குதித்தான். கருவாடு போட்டு அதைச் சமைப்பதும், நாற்றம் தாங்காமல் ரூமே திட்டுவதும் வாடிக்கை. மைனாவ் செத்ததிலிருந்து அந்தக் கடைப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை.

சோலைமுத்து நல்லவன். நல்லவர்களிடம் இதுதான் தொல்லை, நம் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டான். ஒரு பலவீனமான நேரத்தில் ஹரேன் இலை சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டு, "இங்க அது மாஃபி, கெடைக்காது" என்று முடித்தான். சோலைமுத்து விடுவானா? போனில் சணல் செடியின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான். கடைசியில் கௌஸ் முகைதீன் படத்தைப் பார்த்ததுமே பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"இதைத் தேடியா இவ்வளவு அலைச்சல்? ஒங்க நேபாளிதானே என்கிட்ட இதுக்கு நெரந்தர கிராக்கி!"

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி துவைக்கும் குழாயடியில் சோலைமுத்து அந்தப் பாக்கெட்டோடு வந்து நின்றான். ஹரேனுக்கு முகம் செத்துவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டே இல்லன்னு சொல்லியிருக்கே. ஏம்ப்பா?"

ஹரேன் குனிந்து துணியை அலச ஆரம்பித்தான்.

"எங்கப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கல. எங்க சித்தப்பன் மகன் வச்சான்" என்றான் சோலைமுத்து. "இன்னிய வரைக்கும் அது என்னைய அறுக்குது. நீயாச்சும் செஞ்சிரு. அந்தப் புள்ள நிம்மதியாப் போவட்டும்."

அவள் தவிக்கிறாள் என்று அண்ணன் சொன்னது ஒரு பக்கம் குத்தியது. துப்பிவிட்டால் இனி இந்த மொழியை யாரிடம் பேசுவது என்ற திகில் மறுபக்கம். அவளோடு அறுந்தால் அதுவும் அறுந்தது. அப்புறம் அவன் நிஜமாகவே நேபாளிதான். வீட்டுத் திசையைத் தோராயமாகப் பார்த்துத் திரும்பி நின்றான். சோலைமுத்து பாக்கெட்டைப் பிரித்து அவன் உள்ளங்கையில் கொட்டினான். தூளாக நொறுங்கிய இலை. வாயில் போட்டுக் கடித்தான்.

கசந்தது. கண்ணில் நீர் முட்டியது. துப்பக் குனிந்தான். குழாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தபடியே நின்றான்.

"துப்புப்பா, துப்பு" என்று சோலைமுத்து முதுகைத் தடவிக் கொடுத்தான்.

ஹரேன் நிமிர்ந்தான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இலை மொத்தத்தையும் விழுங்கிவிட்டான். செத்த அன்றைக்கு வராத அழுகை அப்போது பொத்துக்கொண்டு வந்தது. அழுகையோடு ஏதோ சொன்னான்.

"என்னப்பா சொல்றே?"

"ஜாபாய்" என்றான் ஹரேன் மறுபடி. "அவ கேப்பா. சாப்ட்டேன்னு சொன்னேன்."