குதிரைக்குப் பூட்ஸ் மாட்டிய காலை

கழுவித் துடைத்த நான்கு கறுப்பு ரப்பர் பூட்ஸ்கள் மாட்டுத்தொழுவத்துச் சுவர்மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை எருத்தேன்பதியில் மச்சான் வீட்டு வாசலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை அவைதான். என் மனைவியின் அண்ணன் அவர். சேறும் சாணமும் அப்பியபடியே நான் பார்த்துப் பழகிய குதிரைப் பூட்ஸ்கள் அவை. மச்சான் எதையும் காரணமில்லாமல் கழுவுகிறவர் அல்ல. அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டதால் குதிரையை விற்கிறார், பார்க்க எலப்புள்ளியிலிருந்து ஒருவர் வருகிறார் என்று மனைவி சொல்லியிருந்தாள். பூட்ஸ்களைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது.

அந்தக் குதிரையை வாங்கிய நாளிலும் நான் அவரோடு இருந்தேன். மாட்டுக்கு வாங்கும் புண்ணாக்கைக்கூட வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் மச்சான். அவர் மகள் ஓட்டிப் பழகச் சாதுவான குதிரை வேண்டுமென்று கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போனோம். குதிரை நான்கு கால்களிலும் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றது. அப்படி ஒன்றை நாங்கள் இருவருமே அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏனுங்க, கால்ல எதையோ மறைக்கறீங்களாட்ட இருக்குது?" என்றார் மச்சான்.

விற்கிறவர் சிரித்தார். "லாடம் அடிக்காத குதிரைங்க. தார் ரோட்டுல, சல்லியில போனா குளம்பு தேயுமுங்க. போறப்ப மாட்டுவேன், வந்தா கழட்டிருவேன். வேணும்னா நீங்களே கழட்டிப் பாருங்க."

மச்சான் கழட்டினார். ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்பின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெடிப்பு உண்டா என்று நகத்தால் சுரண்டினார். பூட்ஸின் விளிம்பு உரசிப் புண்ணாகியிருக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தார். வெறுங்காலோடு மண்தரையில் நடக்கவிட்டார், பிறகு பூட்ஸ் மாட்டிச் சல்லிப்பாதையில் ஓடவிட்டார். குதிரை கொஞ்சமும் நொண்டவில்லை. "காலு சுத்தம், மாப்ள" என்று என் காதில் சொன்னார். அந்தக் காலை முழுக்க நாங்கள் முழங்காலுக்கு மேலே பார்க்கவேயில்லை.

குதிரைக்கு இடது கண் தெரியாது என்பது அடுத்த வாரம் தெரிந்தது. இடப்பக்கச் சந்திலிருந்து திரும்பிய டிராக்டரைக் குதிரை பார்க்கவில்லை. சத்தம் பக்கத்தில் வந்ததும் மிரண்டு துள்ளியது. மகள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மச்சான் போனில் சீறினார். விற்றவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க காலப் பத்தித்தானுங்க கேட்டீங்க. கண்ணப் பத்திக் கேக்கலீங்களே."

மகள் அப்புறம் ஏறவேயில்லை. மச்சானே தோட்டத்துக்கு ஓட்டிப் போய்வந்தார். பூட்ஸும் அதன் வேலையை ஒழுங்காகவே செய்துவந்தது. ஆனால் விற்றவர் அன்று அதைக் குதிரைக்காக மாட்டினாரா, எங்களுக்காக மாட்டினாரா என்று மச்சான் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை எலப்புள்ளிக்காரர் வருவதற்குள், காய்ந்த பூட்ஸ்களை மச்சான் மாட்டிவிட்டார். குதிரையை அதன் இடப்பக்கம் வேலியை ஒட்டியிருக்கும்படி கட்டினார். அதையும் கவனித்துவைத்தேன். வந்தவர் நேரே குனிந்தார்.

"எதுக்குங்க இது?"

"லாடம் அடிக்காத குதிரைங்க. நீங்களே கழட்டிப் பாருங்க."

அவர் ஒவ்வொன்றாகக் கழட்டினார். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. வந்தவர் நிமிராமலே, "எம் பொண்ணுக்குத்தானுங்க. ஒரே அடம்" என்றார்.

மச்சான் கயிற்றை அவிழ்த்துக் குதிரையைத் திருப்பினார்.

"கால விடுங்க. எடது கண்ணப் பாருங்க."

வந்தவர் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். சிதறிக் கிடந்த பூட்ஸ்களைப் பொறுக்கி நான் மறுபடி சுவர்மேல் வைத்தேன். கழுவிய பளபளப்பு அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணுக்காகச் சொன்னாரா, நான் பக்கத்தில் நின்றதால் சொன்னாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இன்னைக்குன்னு பாத்து எதுக்கு மாப்ள வந்தீங்க?"